எங்கள் வீட்டுக் கணக்குக்கு எந்த ஆப்?

"சிறந்த பட்ஜெட் ஆப்" என்று தேடிப் பாருங்கள். வருகிற பட்டியல்களில் முக்கால்வாசி, யாங்கோனில் குடும்பம் நடத்துகிறவருக்கு உதவாது. வங்கிக் கணக்கை இணையுங்கள், கார்டை இணையுங்கள், மீதியை ஆப்பே பார்த்துக்கொள்ளும் என்று தொடங்குவார்கள். எங்கள் வீட்டில் என் சம்பளம் ரொக்கமாக வருகிறது, கணவருடையது கேபிஇசட் பே என்கிற போன் பணப்பையில் வருகிறது. வீட்டு வாடகை ஆறு மாதத்துக்கு மொத்தமாகப் போகிறது. தம்பி கோலாலம்பூரில் வேலை பார்க்கிறான், அம்மாவின் மருந்துச் செலவுக்கு அவ்வப்போது பணம் அனுப்புவான். மாமியார் கையில் இருக்கிற சேமிப்பு முழுவதும் தங்கம். இவை எல்லாவற்றையும் இணைத்துக் கொடுக்கிற பொத்தான் எந்த ஆப்பிலும் கிடையாது.

போன மாதம் மோல்மீனிலிருந்து நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, நீங்க போன்லயே வீட்டுக் கணக்கு எழுதுறீங்களாமே, எந்த ஆப்னு சொல்லுங்க, நானும் போட்டுக்கறேன்" என்றாள். ஆப்பின் பெயரை மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. எதனால் அதைத் தேர்ந்தெடுத்தேன் என்று தெரியாவிட்டால், இரண்டு வாரம் எழுதிவிட்டு விட்டுவிடுவாள். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். பர்மாவில் இருக்கிற மற்ற தமிழ்க் குடும்பங்களுக்கும் பயன்படும்.

எனக்குத் தொழிலே கணக்கு. அனோரதா சாலைப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். கடையில் கம்ப்யூட்டர் இருந்தாலும் முதலாளி இன்றும் சிட்டை, பேரேடு இரண்டையும் கையால் எழுதச் சொல்வார். அன்றன்று நடந்தது நடந்த வரிசையில் சிட்டையில் ஏறும். மாலையில் அதிலிருந்து ஒவ்வொருவர் பேரிலும் பற்று, வரவு பிரித்துப் பேரேட்டில் எழுதுவோம். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் தொகுத்து ஐந்தொகை. ஒரு காலத்தில் மொகல் ஸ்ட்ரீட்டில், அதாவது இன்றைய ஷ்வே போந்தா தெருவில், செட்டியார் கடைகளில் நடந்த அதே முறைதான். அதனால் ஒரு ஆப்பைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது அதன் வண்ணப் படங்களை அல்ல. ஒரு இடத்திலிருந்து பணம் போனால் இன்னொரு இடத்தில் அது வந்ததாகக் காட்டுகிறதா, நாள் முடிவில் கையிருப்பும் ஆப்பின் இருப்பும் ஒத்துப்போகிறதா, இதைத்தான் பார்ப்பேன்.

முதலில் ஒரு பெரிய ஆப்பின் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மின்ட் என்று ஒன்று இருந்தது. 2007இல் அமெரிக்காவில் தொடங்கியது. 2009இல் இன்டூயிட் நிறுவனம் அதை 17 கோடி டாலருக்கு வாங்கியது. பட்ஜெட் ஆப் என்றாலே உலகம் முழுவதும் அந்தப் பெயரைத்தான் சொன்னார்கள். 2024 மார்ச்சில் அதை மூடிவிட்டார்கள். வருடக்கணக்காக அதில் கணக்கு வைத்திருந்தவர்கள் எல்லோரும் தங்கள் விவரங்களை இறக்கிக்கொண்டு வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. நமக்கு அது எட்டாத ஆப்தான். ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த பிறகு எனக்கு ஒரு விஷயம் உறுதியாயிற்று. நாம் எழுதிய கணக்கு நம் கையிலேயே ஒரு கோப்பாக வந்து சேர வேண்டும். அதற்கு வழியில்லாத ஆப் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது, தானாகவே எழுதிக்கொள்ளும் ஆப்கள். சென்னையில் இருக்கும் என் அத்தை மகள் அப்படி ஒன்றை வைத்திருக்கிறாள். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகளை ஆப்பே படித்து, இது மளிகை, இது பெட்ரோல் என்று பிரித்துவிடும். யூபிஐயில் பத்து ரூபாய் டீ குடித்தாலும் பதிவாகிவிடும் ஊரில் அது அருமையான வசதி. இங்கே காலையில் மோஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்), பஸ், கறிவேப்பிலை, கோயில் உண்டியல் எல்லாமே ரொக்கம். குறுஞ்செய்தியை நம்பினால் பாதிச் செலவு கணக்கிலேயே ஏறாது. அதோடு, என் போனில் வரும் எல்லாக் குறுஞ்செய்திகளையும் படிக்க ஒரு ஆப்புக்கு அனுமதி கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

இன்டர்நெட் விஷயம் இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2021இல் வாரக்கணக்கில் மொபைல் டேட்டா இல்லாமல் இருந்தோம். இப்போதும் கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது. கரண்ட் போனால் வைஃபை போகும், சில நேரம் டவரும் சேர்ந்து போகும். எழுத நினைக்கிற நேரத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிற ஆப்பை யாரும் தொடர்ந்து பயன்படுத்த மாட்டார்கள். அதனால் இன்டர்நெட் இல்லாமல் முழுவதுமாக வேலை செய்ய வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வைத்துக்கொண்டேன். சோதித்துப் பார்ப்பது சுலபம். விமானப் பயன்முறையை இயக்கிவிட்டு, ஒரு செலவு எழுதுங்கள், பழைய ஒன்றைத் திருத்துங்கள், போன மாத மொத்தத்தைப் பாருங்கள். மூன்றும் நடந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

எல்லோரும் புகழ்கிற 'யூ நீட் எ பட்ஜெட்', சுருக்கமாக ஒய்னாப், பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். இதன் சந்தா வருடத்துக்கு 109 டாலர். மத்திய வங்கி 2022 ஆகஸ்டில் நிர்ணயித்த, டாலருக்கு 2,100 கியாட் என்ற விகிதத்தில் போட்டாலே 2,28,900 கியாட் வருகிறது. வெளிச்சந்தை விலையில் போட்டால் அதைவிட எவ்வளவோ மேலே போய்விடும். வெளிநாட்டுக்குப் பணம் கட்டக்கூடிய கார்டும் என்னிடம் இல்லை. 34 நாள் இலவசமாகப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஆப்பின் முறை இருக்கிறதே, அதற்கு யாரும் சந்தா கட்ட வேண்டியதில்லை. கையில் இப்போது இருக்கிற பணத்துக்கு மட்டும் வேலை கொடு, வரப்போகிற பணத்துக்குக் கொடுக்காதே என்கிறது. எப்போதாவது வரும் பெரிய செலவை மாதங்களாகப் பிரித்து முன்கூட்டியே ஒதுக்கு என்கிறது. இந்த இரண்டாவது விதி யாங்கோனுக்கென்றே எழுதியது போல இருக்கிறது.

ஏனென்றால் இங்கே வாடகை மாதா மாதம் போவதில்லை. ஆறு மாதம், இல்லையென்றால் ஒரு வருடம், மொத்தமாக முன்பணமாகக் கேட்பார்கள். புது வீடு என்றால் புரோக்கருக்கும் கமிஷன் உண்டு. சாதாரண ஆப்பில் இதை அப்படியே எழுதினால் என்ன ஆகும்? ஜூன் மாதம் 18 லட்சம் செலவு என்று வானளவு கோடு போகும், மற்ற ஐந்து மாதமும் வாடகையே இல்லாத வீடு போல் தெரியும். அந்த ஐந்து மாதத்தில்தான் மனசு ஏமாறுகிறது. "இந்த மாசம் நல்லா மிச்சமாச்சே" என்று தோன்றி ஃபேன் வாங்கலாமா, பேட்டரி வாங்கலாமா என்று பேச்சு வரும். கணக்குக்காக 18 லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 3 லட்சம் ஒதுக்க வேண்டும் என்பது சுலபமான வகுத்தல். ஆனால் வீட்டுக்காரர் அடுத்த ஆறு மாதத்துக்கு அதே தொகையைக் கேட்பார் என்று நம்புவதற்கில்லை. அதனால் நான் மூன்றரை ஒதுக்குகிறேன். மிச்சம் இருந்தால் அடுத்த தவணைக்கு ஆகும். பிள்ளையின் டியூஷன் கட்டணம், அம்மாவின் கண் பரிசோதனை, ஏப்ரல் மாதச் செலவு எல்லாவற்றுக்கும் இப்படித்தான். ஏப்ரலுக்குத் தனியாக ஒரு பிரிவே வைத்திருக்கிறேன். பர்மியப் புத்தாண்டான திஞ்ஜானுக்குக் கடைகள் எல்லாம் மூடிவிடும், முன்கூட்டியே சாமான் வாங்கி வைக்க வேண்டும். நம் சித்திரைப் பிறப்பும் அதே நாட்களில் வந்துவிடும்.

இந்த ஒதுக்கும் வேலையை இலவசமாகச் செய்ய குட்பட்ஜெட் என்று ஒரு ஆப் இருக்கிறது. உறை முறை. அரிசி என்று ஒரு உறை, கரண்ட் என்று ஒரு உறை, அதில் மாதத் தொடக்கத்தில் பணம் போடுகிறோம், எடுக்க எடுக்கக் குறைகிறது. என் பாட்டி சம்பளம் வந்ததும் பழைய கல்யாணப் பத்திரிகை உறைகளில் பணத்தைப் பிரித்து வைப்பார்கள், அதேதான் இது. இரண்டு போனில் ஒரே கணக்கை வைத்துக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய பலம். அவர் வெளியே வாங்கினாலும் என் போனில் உறை குறைந்திருக்கும். கணவன் மனைவிக்குள் "எவ்வளவு மிச்சம்?" என்கிற கேள்வியே எழாது. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ சம்பளம் முழுவதும் ஒரே வங்கியில் வாங்குகிற இளம் தம்பதி கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

எங்களுக்கு அது ஒத்துவராததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. இலவசப் பதிப்பில், பணம் இருக்கிற இடத்துக்கு என்று ஒரே ஒரு கணக்குதான் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் இருக்கும் பணம் எல்லாம் ஒரே பணம் என்று அது நினைக்கிறது. இங்கே அப்படி இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் ஆப் தேர்வில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான். கேபிஇசட் பே 2018இல் வந்தது, அதே போன்ற வேவ் மணி அதற்கு முன்பே, 2016இல். 2021க்குப் பிறகு வங்கியில் எடுக்கிற பணத்துக்கு வரம்பு வைத்தார்கள். ஏடிஎம் வாசலில் விடியற்காலையிலேயே வரிசை நின்றது. போனில் இருக்கும் பணத்தை ரொக்கமாக மாற்ற ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுத்தோம். அப்போது போனில் இருந்த ஒரு லட்சமும் கையில் இருந்த ஒரு லட்சமும் வெவ்வேறு மதிப்பு என்பதை ஊரே கற்றுக்கொண்டது. அந்த நெருக்கடி இன்று அதே அளவில் இல்லை. ஆனாலும் மீன்காரம்மாவுக்கு ரொக்கம் வேண்டும், மருந்துக்கடையில் போனில் வாங்கிக்கொள்வார்கள். ஆகவே கணக்கில் கையிருப்பு தனி, போன் பணம் தனி என்று இருந்தே ஆக வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கமிஷன் போனால், அது செலவாக ஏற வேண்டும். சிட்டையில் எழுதினால் இது மூன்று வரி. போன் பணத்தில் குறைவு, ரொக்கத்தில் வரவு, கமிஷன் செலவு. இதைச் செய்யத் தெரியாத ஆப்பில் மாதக் கடைசியில் கணக்கு ஒருபோதும் நேராகாது.

மற்ற சில ஆப்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செக் நாட்டு ஸ்பெண்டீ பார்க்க மிக அழகு, ஆனால் இலவசத்தில் ஒரே பணப்பைதான், அதே சிக்கல். அதே நாட்டின் வாலட், வங்கி இணைப்பு கிடைக்கிற நாடுகளுக்கு நல்லது. வியட்நாமில் செய்த மணி லவர் நம் பக்கத்து வாழ்க்கையைப் புரிந்துகொண்ட ஆப். கடன் கொடுத்தது, கடன் வாங்கியது இரண்டையும் ஆள் பேர் போட்டு எழுதிக்கொள்ளலாம், திரும்பி வர வர குறைத்துக்கொள்ளலாம். கைமாற்று அதிகமாக நடக்கிற வீடு என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். கணக்குத் திறந்து உள்ளே போக வேண்டும் என்பதால்தான் நான் தொடரவில்லை.

கடைசியில் நான் நிலைத்தது மணி மேனேஜர். ரியல்பைட் என்ற கொரிய நிறுவனத்தின் ஆப். அந்தப் பெயரில் வேறு பல ஆப்களும் உண்டு, நிறுவனத்தின் பெயரைப் பார்த்து இறக்குங்கள். இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும், வைத்துக்கொள்ளும் கணக்குகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. எங்கள் வீட்டுக்கு அந்த வரம்பு தாராளம். எழுதியதெல்லாம் போனுக்குள்ளேயே இருக்கும், உள்ளே போக மின்னஞ்சல் கேட்காது, கடவு எண் போட்டுப் பூட்டிக்கொள்ளலாம். மாதம் எந்தத் தேதியில் தொடங்க வேண்டும் என்று நாமே வைக்கலாம். எங்களுக்குச் சம்பளம் மாதக் கடைசியில் வருவதால் இது பெரிய உதவி. கணக்கிலிருந்து கணக்குக்கு மாற்றும்போது கட்டணம் என்று தனியே ஒரு கட்டம் இருக்கிறது. நான் மேலே சொன்ன மூன்று வரியும் ஒரே பதிவில் முடிந்துவிடுகிறது. அதைப் பார்த்த அன்றே என் மனசு முடிவு செய்துவிட்டது.

தொகை எழுதும் இடத்தையும் சோதித்துப் பாருங்கள். பல ஆப்கள் டாலரையும் சென்ட்டையும் நினைத்துச் செய்தவை. சிலவற்றில் 1, 5, 0, 0 என்று தட்டினால் 15.00 என்று நிற்கும். நமக்குக் கியாட்டின் சில்லறையான பியா வழக்கொழிந்து எவ்வளவோ காலம் ஆயிற்று, புள்ளிக்குப் பின்னால் இரண்டு சுழியம் வெறும் தொந்தரவு. அமைப்புகளில் போய்ப் புள்ளியை எடுத்துவிட முடிகிறதா என்று முதல் நாளே பாருங்கள். இன்னொன்று, காற்புள்ளி. நாம் பன்னிரண்டரை லட்சம் என்கிறோம், பர்மியரும் லட்சக்கணக்கில்தான் எண்ணுகிறார்கள். ஆப்போ 1,250,000 என்று மூன்று மூன்றாகப் பிரிக்கும். என் மாமியார் அந்த எண்ணைப் பார்த்துக் கோடியா லட்சமா என்று ஒரு நிமிடம் யோசிப்பார்கள். பெரிய தொகைகளுக்குக் குறிப்பில் "12.5 லட்சம்" என்று தமிழில் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

வெளிநாட்டுப் பணம் வருகிற வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. இன்டர்நெட்டிலிருந்து மாற்று விகிதத்தைத் தானே எடுத்துக்கொள்கிற ஆப்கள் பெரும்பாலும் அதிகாரப்பூர்வ விகிதத்தைத்தான் எடுக்கும். நம் கைக்கு வருகிற கியாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. தம்பி அனுப்பியது 500 ரிங்கிட் என்றால், நான் ரிங்கிட்டில் எழுதுவதே இல்லை. அம்மா கையில் கிடைத்த கியாட் எவ்வளவோ அதையே வரவாக எழுதுகிறேன், ரிங்கிட் தொகை குறிப்பில் இருக்கும். பிறகு எப்போதாவது திருப்பிப் பார்த்தால் எந்த மாதம் எந்த விகிதத்தில் வந்தது என்பதும் தெரிந்துவிடும்.

அப்புறம் சேமிப்பு. பல ஆப்களில் 'இலக்கு' என்று ஒரு பகுதி இருக்கும். ஒரு தொகையைப் போட்டால் இத்தனை சதவீதம் சேர்த்துவிட்டீர்கள் என்று பச்சைக் கோடு வளரும். கியாட்டில் வைத்த இலக்கு எனக்கு நம்பிக்கை தருவதில்லை. கோடு நிறையும்போது அந்தப் பணத்துக்கு அந்தப் பொருள் கிடைக்காது. மாமியார் காலத்து ஆட்களுக்கு இது இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கிறது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாது என்று அறிவித்தார்கள், மாற்றியும் தரவில்லை. அதற்கு முன் 1964இலும் 1985இலும் நோட்டுகளைச் செல்லாததாக்கினார்கள். "நோட்டு நம்மளோடது இல்லம்மா, பவுன்தான் நம்மளோடது" என்பார்கள் மாமியார். அந்த வார்த்தைக்குப் பின்னால் அவர்கள் கண்ணால் பார்த்தது இருக்கிறது.

அதனால் சேமிப்பை எடையில் வைத்துக்கொள்கிறேன். இங்கே தங்கத்துக்குக் கியாட் எடைதான் கணக்கு (பணத்தின் பெயரேதான் எடைக்கும்), ஒரு கியாட் எடை 16 கிராமுக்குச் சற்று மேல், அதில் 16 பே. மணி மேனேஜரில் 'தங்கம்' என்று ஒரு கணக்கு திறந்து, வாங்கிய அன்று கொடுத்த பணத்தை அதற்கு மாற்றியதாக எழுதுகிறேன், குறிப்பில் எத்தனை பே என்று போடுகிறேன். இன்றைய விலைக்கு அதை ஏற்றி இறக்குவதில்லை. விற்கும் எண்ணம் இல்லாதபோது தினம் அதன் மதிப்பைப் பார்த்து என்ன செய்யப் போகிறேன்? அப்படிப் பார்க்க விரும்புகிறவர்கள் கம்ப்யூட்டரில் குனூகேஷ் போட்டுக்கொள்ளலாம். 1998இலிருந்து இருக்கிற இலவச மென்பொருள், பணம் போன இடம், வந்த இடம் இரண்டையும் எழுதும் அசல் இரட்டைப் பதிவு முறை. தங்கத்தையே ஒரு தனிப் பொருளாக வைத்து, எடை ஒரு பக்கம், விலை ஒரு பக்கம் என்று எழுதலாம். பேரேடு எழுதிப் பழகியவருக்கு அது சொந்த வீடு போல் இருக்கும். கணக்குப் பின்னணி இல்லாதவருக்கு முதல் வாரமே அலுத்துவிடும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிரிவுகளின் பெயரைத் தமிழிலேயே வையுங்கள். ஆப்புடன் வருகிற ஆங்கிலப் பிரிவுகளை முதலில் அழித்துவிடுங்கள். 'செல்லப் பிராணி', 'அழகு' என்றெல்லாம் இருக்கும், அவற்றில் நம் செலவைத் திணித்தால் மாதக் கடைசியில் எதுவும் புரியாது. எங்கள் பட்டியலில் அரிசி, எண்ணெய், மீன் காய்கறி, கரண்ட், ஜெனரேட்டர் பங்கு, தண்ணீர், மருந்து, டியூஷன், பஸ் டாக்சி, கோயில், மொய், சீட்டு என்று இருக்கிறது. கோயிலையும் மொய்யையும் ஏன் தனித்தனியாக வைத்தேன் என்றால், கோயிலுக்குக் கொடுப்பது நாங்கள் முடிவு செய்வது, மொய் பிறர் வைக்கிற தேதியில் வருவது. ஆடியில் பீலிக்கான் அங்காள பரமேஸ்வரி கோயிலுக்குப் போவதென்றால் இரண்டு மாதம் முன்பே ஒதுக்க ஆரம்பிக்கலாம். கல்யாணப் பத்திரிகைக்கு அப்படித் திட்டம் போட முடியாது.

தமிழில் வைத்தால் ஒரு சின்னச் சிக்கல் வரும், அதற்கும் வழி உண்டு. சில ஆப்கள் கணக்கை சிஎஸ்வி என்ற உரைக் கோப்பாகத் தரும். அதை எக்செலில் நேரடியாகத் திறந்தால் தமிழெல்லாம் புரியாத குறியீடுகளாகத் தெரியும். கோப்பில் குறை எதுவும் இல்லை. எக்செலில் டேட்டா பகுதிக்குப் போய், உரைக் கோப்பிலிருந்து எடு என்பதைத் தேர்ந்து, எழுத்து முறை யூடிஎஃப்-8 என்று கொடுத்தால் தமிழ் சரியாக வந்துவிடும். கூகுள் ஷீட்ஸில் ஏற்றினால் இந்த வேலையும் இல்லை. மணி மேனேஜர் எக்செல் கோப்பாகவே தந்துவிடுவதால் எனக்கு இது தேவைப்படுவதில்லை.

ஆப்பைவிட எனக்கு அதிகம் உதவிய ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். எண்ணெய், அரிசி, வெங்காயம், இந்த மூன்றுக்கும் குறிப்பில் அளவையும் எழுதுகிறேன். 'எண்ணெய், 1 வீசை', 'வெங்காயம், 2 வீசை' என்று. வீசை இங்கே கடைகளில் வழங்கும் எடை அளவு. வெறும் தொகையை மட்டும் எழுதினால் போன மாதத்தைவிட எண்ணெய்ச் செலவு கூடியது மட்டும்தான் தெரியும். விலை ஏறியதா, நாங்கள் அதிகம் பயன்படுத்தினோமா என்பது தெரியாது. வீட்டில் இதை வைத்துத்தான் பேச்சே தடிக்கும். ஒரு நாள் அவர், "என்னம்மா, எண்ணெய் இவ்வளவு போகுதா, பார்த்து ஊத்தக்கூடாதா?" என்று கேட்டார். குறிப்புகளைத் தேடிக் காட்டினேன். எங்கள் வீட்டுக்கு மாதம் போகிற வீசை மாறவே இல்லை, விலைதான் ஏறியிருந்தது. "சரி, அப்ப மத்ததுல பார்ப்போம்" என்றார். பணவீக்கம் இப்படி ஓடுகிற ஊரில், பட்ஜெட் தாண்டிய மாதமெல்லாம் சமையல்கட்டில் நிற்கிறவள் ஊதாரித்தனம் செய்தாள் என்று ஆகிவிடக் கூடாது. ஒரு சிவப்பு எண்ணைக் காட்டி வீட்டுப் பெண்ணைக் குற்றவாளி ஆக்குகிற கணக்கு எனக்கு வேண்டாம். எது எங்கள் கையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துக் காட்டுகிற கணக்குதான் வேண்டும்.

அதனால்தான் கையால் தட்டி எழுதுவதை நான் குறையாகவே நினைக்கவில்லை. தானாக ஏறும் கணக்கில் 'சூப்பர் மார்க்கெட் 46,000' என்று ஒரு வரி இருக்கும், அதில் வீசை இருக்காது. நான் பஸ்ஸில் வீடு திரும்பும்போதே எழுதிவிடுவேன். இரவு சாப்பாடு முடிந்ததும் பணப்பையை எண்ணி, ஆப்பின் கையிருப்போடு ஒப்பிடுவேன். சில நூறு கியாட் வித்தியாசம் வந்தால் 'விட்டுப்போனது' என்ற பிரிவில் போட்டு நேர் செய்துவிடுவேன். கடைக் கணக்கில் அதற்கு இடமில்லை. வீட்டுக் கணக்கில் அந்தத் தாராளம் இருந்தால்தான் நாளைக்கும் எழுதத் தோன்றும்.

நாத்தனாருக்குச் சொன்ன கடைசி விஷயம் பேக்கப். போனுக்குள்ளேயே இருக்கும் கணக்குக்கு இருக்கிற ஆபத்து ஒன்றுதான், போன் தொலைந்தால் கணக்கும் போய்விடும். மாதம் முடிந்ததும், நெட் நன்றாக வரும் நேரம் பார்த்து, ஆப்பின் பேக்கப் கோப்பையும் எக்செல் கோப்பையும் மின்னஞ்சலில் எனக்கே அனுப்பிக்கொள்கிறேன், ஒரு பிரதி தம்பிக்கும் போகும். கோப்பின் பெயரில் வருடமும் மாதமும் இருந்தால் தேடுவது சுலபம். அவள் போன் கொஞ்சம் பழையது, இடமும் குறைவு. அதனால் ரசீதைப் படம் எடுத்துச் சேர்க்கும் வசதியை மட்டும் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பிரிவுகளின் பட்டியலைக் கேட்டிருந்தாள், அனுப்பிவிட்டேன். மோல்மீனில் ஜெனரேட்டர் பங்கு கிடையாதாம், அதை எடுத்துவிட்டுப் பேட்டரி என்று போட்டுக்கொண்டாள்.